கோழிக்கொட்டாயும் கூத்துப் பெட்டியும்



"ஐயா, கொஞ்ச நாளா நீங்க நீளமா எதுவும் எழுதலையே" என்று போன வாரம் ஏரிக்கரைப் படம் போட்டபோது இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். கேட்டதற்குத் தண்டனையாக இந்தத் தடவை நீளமாகவே எழுதுகிறேன். வகுப்பில் நடுவில் எழுந்து போகத்தான் அனுமதி கேட்க வேண்டும், இங்கே தேவையில்லை. ஆனால் கடைசி வரை படிப்பவர்களிடம் ஒரு வேலை சொல்லப்போகிறேன். அதற்காகத்தான் இந்தப் பதிவே.

பொங்கலுக்கு என் தங்கை மகன் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தான். பிலடெல்பியா பக்கம் வேலை. வரும்போது ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி வந்து கொடுத்து, என் போனில் சில இசைத்தட்டுகளையும் ஏற்றிவிட்டான். "மாமா, நீங்க பழைய பாட்டு கேக்கற ஆளு. இதைக் கேட்டுப் பாருங்க. இவரு எங்க ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர்" என்றான். அவர் பெயர் ஜிம்மி ஸ்மித். பிலடெல்பியாவை ஒட்டியுள்ள நாரிஸ்டவுனில் பிறந்த கறுப்பினக் கலைஞர். ஆர்கன் வாசிப்பவர். 2005இல் இறந்துபோனார்.

முதலில் கேட்டது 'பேக் அட் தி சிக்கன் ஷாக்'. 1960 ஏப்ரல் 25ஆம் தேதி பதிவு செய்தது. பெயரை நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால் 'மறுபடியும் கோழிக்கொட்டாய்க்கு' என்று வரும். அட்டைப் படத்தில் மனிதர் கோழிக்கொட்டாய் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். நாமக்கல் பக்கம் சம்பந்தம் வைத்திருக்கும் நம் உறவினர்கள் யாராவது இதைப் பார்த்தால் "இது எந்தப் பண்ணை மாமா, தீவனம் எங்கே எடுக்கறாங்க?" என்றுதான் கேட்பார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அவசரமே இல்லாத ஒரு நடை. ஆர்கன், சாக்சபோன், கிட்டார், டிரம்ஸ். எட்டு நிமிடம். இரண்டாவது நிமிடத்திலேயே எனக்குப் பனமரத்துப்பட்டி வந்துவிட்டது. மாரியம்மன் திருவிழா, விடிய விடியக் கூத்து, பெஞ்சு மேல் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசிக்கிறவர், பக்கத்தில் மத்தளம், தாளம். மூன்று மணிக்கு ஊரே தூங்கி வழியும்போது அந்தப் பெட்டி மட்டும் ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்குமே, அந்த நிற்றல். அதே நிற்றல் இந்தத் தட்டிலும் இருக்கிறது.

இரண்டும் ஒரே இசை என்று சொல்லவில்லை. இராகம் வேறு, தாளம் வேறு, மனிதர்கள் வேறு. ஆனால் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்தை இரவெல்லாம் உட்கார வைக்கிற வேலை ஒன்றுதான். அந்த வேலையைச் செய்தவர்களுக்குக் கிடைத்த மரியாதையும் ரொம்ப நாளைக்கு ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் கொஞ்சம் அறிவியல். பழைய வாத்தியார், விடமாட்டேன்.

ஜிம்மி ஸ்மித் வாசித்தது ஹாமண்ட் ஆர்கன், பி-3 என்ற மாதிரி. லாரன்ஸ் ஹாமண்ட் என்பவர் கடிகாரம் செய்தவர், இசைக்காரர் இல்லை. மின்சாரக் கடிகாரத்துக்குச் சீராகச் சுழலும் மோட்டார் வேண்டும். அந்த மோட்டாரை வைத்துக்கொண்டு அவர் செய்ததுதான் 1935இல் வெளிவந்த ஆர்கன். பெட்டிக்குள் 91 உலோகச் சக்கரங்கள். ஓரங்களில் மேடு பள்ளம். ஒவ்வொன்றும் ஒரு காந்தத்துக்கும் கம்பிச்சுருளுக்கும் முன்னால் சுழலும். மேடு நெருங்கி விலகும்போது சுருளில் மின்னோட்டம் பிறக்கும். பத்தாம் வகுப்பில் மின்காந்தத் தூண்டல் நடத்தியபோது "இது எதுக்கு சார் ஆகும்?" என்று கேட்டவனே, இதுக்குத்தான் ஆகும். எந்தச் சக்கரத்தில் எத்தனை மேடு என்பதைப் பொறுத்து அதிர்வெண் மாறும். அடிச்சுரத்தோடு மேற்சுரங்களை எவ்வளவு சேர்ப்பது என்று கூட்டிக் குறைக்க இழுக்கும் தண்டுகள், ஒரு வரிசைக்கு ஒன்பது. சமையலில் உப்பு, புளி, காரம் கூட்டுவதுபோல வாசிக்கிறவரே அந்த நேரத்தில் கூட்டிக்கொள்ளலாம்.

சத்தம் வெளியே வருவது லெஸ்லி என்ற ஒலிபெருக்கி வழியாக. அதற்குள்ளே ஊதுகுழல் போன்ற பகுதி சுற்றிக்கொண்டே இருக்கும். நாமக்கல் ரோட்டில் லாரி ஆரன் அடித்துக்கொண்டே நம்மைக் கடக்கும்போது சத்தம் உயர்ந்து பிறகு இறங்குமே, டாப்ளர் விளைவு, அதுதான் அங்கே நொடிக்குப் பல தடவை நடக்கிறது. அதனால்தான் அந்த ஒலி நடுங்குகிறது, மூச்சு விடுகிறது. ஹாமண்டுக்கு லெஸ்லியைப் பிடிக்காது என்பார்கள். வாசித்தவர்களுக்குப் பிடித்துவிட்டது. பிறகு யார் பேச்சு எடுபடும்?

இன்னொன்றும் உண்டு. கட்டையை அழுத்தும்போது 'டிக்' என்று ஒரு சிறு சத்தம் வரும். மின் தொடர்பு சேரும்போது வருவது. அதைக் குறையாகக் கருதி நீக்கப் பார்த்தார்கள் கம்பெனிப் பொறியாளர்கள். ஜிம்மி ஸ்மித் போன்றவர்கள் அந்தக் குறையையே தாளமாக்கிக்கொண்டார்கள். வேகமாக வாசிக்கும்போது ஒவ்வொரு சுரத்துக்கும் அந்த 'டிக்' ஒரு விளிம்பு கொடுக்கிறது. இன்று கணினியில் ஹாமண்ட் ஒலியைப் போலி செய்கிறவர்கள் அந்தக் குறையையும் சேர்த்தே செய்து விற்கிறார்கள்.

இந்த ஆர்கன் தேவாலயங்களுக்காகச் செய்தது. பெரிய குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சிறு சபைகள் இதை வாங்கின. கறுப்பின மக்களின் தேவாலயங்களில் இது நிலைத்தது. பிரசங்கம் சூடு பிடிக்கும்போது பிரசங்கியார் ஒரு வாக்கியம் சொல்ல ஆர்கன் ஒரு பதில் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே கேட்ட அதே ஒலி சனிக்கிழமை இரவு மதுக்கடை மேடைகளிலும் கேட்டது. அங்கே பிறந்த வகைக்குத்தான் 'சோல் ஜாஸ்' என்று பெயர். ஜிம்மி ஸ்மித்தின் ஒரு தட்டுக்குப் பெயரே 'தி செர்மன்', பிரசங்கம். பெயர்ப்பாட்டு 1958 பிப்ரவரியில் பதிவானது. பெயர்ப்பாட்டு மட்டும் இருபது நிமிடம். ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக்கொண்டே போகிறார்கள். ஆர்கன் பின்னால் இருந்து "ஆமாம், மேலே சொல்லு" என்று ஒவ்வொருவரையும் தட்டிக்கொடுக்கிறது. கூத்தில் கட்டியக்காரனுக்குப் பின்பாட்டுக்காரர்கள் பதில் கொடுப்பது ஞாபகம் வராமல் போகாது.

பெயர்களைப் பாருங்கள்: கோழிக்கொட்டாய், வீட்டுச் சமையல், சமையல் புத்தகம், அடுப்படியில். நான் கிண்டலுக்கு எழுதவில்லை. உண்மையாகவே தட்டுகளுக்கும் பாட்டுகளுக்கும் இப்படித்தான் பெயர். தெற்கு மாநிலங்களின் வயல்காடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கு நகரங்களுக்குப் போன மக்களின் இசை இது. பம்பாயில் இருக்கும் நம் ஊர்க்காரன் களி, கீரைக் கடைசல் என்று சொன்னாலே குரல் மாறுமே, அதுபோல. 'சமையல் புத்தகம்' தட்டில் வாசித்தவர் ஷெர்லி ஸ்காட் என்ற பெண். பிலடெல்பியாக்காரர். 'ஆர்கன் ராணி' என்று பெயர் வாங்கியவர். பிற்காலத்தில் கல்லூரியில் பாடம் நடத்தினார். நம் பள்ளிப் பெண்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். கனத்த பெட்டி, ஆண்கள் வேலை என்று யாராவது சொன்னால் பதில் இருக்கிறது.

கனம் என்றதும் சொல்ல வேண்டும். பி-3 ஆர்கன் சுமார் 180 கிலோ. லெஸ்லி தனி. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். ஏன் போனார்கள்? கணக்கு இருக்கிறது. இடது கையும் காலும் அடிச்சுரத்தைப் பார்த்துக்கொள்கின்றன. வலது கை பாட்டைப் பார்த்துக்கொள்கிறது. எனவே பியானோக்காரர் வேண்டாம், பேஸ் வாசிப்பவர் வேண்டாம். ஆர்கன், கிட்டார், டிரம்ஸ் மூன்று பேர் போதும். சின்னக் கடைக்காரராலும் மூன்று பேருக்குக் கூலி கொடுக்க முடியும். கலை என்று பேசுகிறோம். பாதி சமயம் அது கூலிக் கணக்கிலிருந்து பிறந்ததுதான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

இப்போது நம் பெட்டிக்கு வருகிறேன்.

ஆர்மோனியம் நம் ஊர்ச் சரக்கு இல்லை. 1842இல் பாரிஸில் தெபேன் என்பவர் காப்புரிமை வாங்கியது. கால் மிதித்துக் காற்றடைப்பது. பாதிரிமார்களும் வெள்ளைக்காரர்களும் கொண்டுவந்தார்கள். தரையில் உட்கார்ந்து பாடுகிற நமக்கு மேசை உயரப் பெட்டி சரிப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்பவர் ஒரு கையால் துருத்தி அடித்து ஒரு கையால் வாசிக்கும்படி மாற்றிக்கொடுத்தார். நம் நாடகக் கம்பெனிக்காரர்கள் மட்டும் கால் பெட்டியையும் விடவில்லை. காலால் மிதித்தால் இரண்டு கையும் சும்மா இருக்குமே! இரண்டு கையாலும் வாசித்தார்கள். மைக் இல்லாத காலத்தில் தகரக் கொட்டகை முழுக்கக் கேட்க வேண்டும். அதற்கு அந்தப் பெட்டிதான் ஈடு கொடுத்தது. எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலுக்குக் கூடவே ஓடியது அவர் அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியம். கிட்டப்பா 1933இல், முப்பது வயது நிறையும் முன்பே போய்விட்டார். தட்டுகள் இருக்கின்றன, கேட்கலாம்.

இந்தப் பெட்டியைப் பெரியவர்கள் ஏற்கவில்லை. பாரதியாரே தம் சங்கீதக் கட்டுரையில் கண்டித்திருக்கிறார். தாகூருக்கும் பிடிக்காது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடையே போட்டது. 1971 வரைக்கும் அந்தத் தடை இருந்தது. வெள்ளைக்காரன் போனான், குடியரசு வந்தது, பெட்டி மட்டும் வானொலி வாசலிலேயே நின்றது.

அவர்கள் சொன்ன காரணத்தை நான் தள்ளவில்லை. ஆர்மோனியத்தில் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிப் போக முடியாது. கமகம் வராது. சுர இடைவெளிகள் மேல்நாட்டுக் கணக்குப்படி சமமாக வெட்டியவை, நம் காதுக்கு அங்கங்கே இடிக்கும். எல்லாம் உண்மை. ஆனால் ஒன்று யோசியுங்கள். கச்சேரி மேடையில் எந்தப் பாடகரையாவது "உங்கள் சுருதி என்ன?" என்று கேளுங்கள். "ஒரு கட்டை", "ஐந்து கட்டை" என்பார். அது எந்தக் கட்டை? ஆர்மோனியக் கட்டைதான்! பெட்டியை வெளியே நிற்கவைத்துவிட்டு, அளவுகோலை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டோம்.

வழுக்கிப் போக முடியாத குறை ஹாமண்டுக்கும் உண்டு. கட்டையை அழுத்தினால் அந்தச் சுரம், விட்டால் நின்றுவிடும். குரல் போல வளைக்க முடியாது. அதற்கு ஜிம்மி ஸ்மித் என்ன செய்தார்? பக்கத்துச் சுரத்தை லேசாகத் தொட்டுவிட்டு வந்தார். நறுக்கென்று வெட்டினார். அல்லது ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கேட்கிறவன் நாற்காலி நுனிக்கு வரும் வரை விடவே இல்லை. நம் கூத்து ஆர்மோனியக்காரரும் அதையேதான் செய்கிறார். பாடுகிறவர் வளைகிறார், பெட்டி அவர் போகும் வழியில் படிக்கட்டு போட்டுக்கொண்டே போகிறது. இல்லாததை வைத்து அழாமல் இருப்பதை வைத்து ஒரு வழி கண்டுபிடிப்பது. என் கருத்து இதுதான்: இந்தத் தட்டுகள் அறுபது வருஷம் கழித்தும் நிற்பதற்கு இது முதல் காரணம். சௌகரியமான கருவியில் சௌகரியமாக வாசித்தது சீக்கிரம் புளித்துவிடும்.

நம் சேலத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஏற்காடு ரோட்டில் டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களுக்கு இசையமைத்த ஜி. ராமநாதன், அண்ணனின் கதாகாலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசித்துத்தான் தொழிலுக்கு வந்தார். எம்.எஸ்.வி.யின் கை ஆர்மோனியத்தின் மேல் இருந்தபோதுதான் மெட்டுகள் பிறந்தன. இளையராஜா 1976இல் 'அன்னக்கிளி'க்கு முன்பு ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். கிட்டாரும் காம்போ ஆர்கனும் வாசித்தவர். இன்றும் அவருக்கு முன்னால் இருப்பது ஆர்மோனியம்தான். வானொலி வாசலில் நிறுத்திய பெட்டி, தமிழ்நாட்டின் ஒவ்வொரு டீக்கடைக்குள்ளும் வேறு உருவில் நுழைந்துவிட்டது.

ஆனால் சினிமாவில் ஆர்கனுக்குக் கிடைப்பது பத்து விநாடி, பதினைந்து விநாடி. சரணத்துக்கு முன்னால் வந்துவிட்டு ஓட வேண்டும். அதற்கும் முந்தைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. இரவெல்லாம் பாடிய மனிதர்களை மூன்று நிமிடத்துக்குள் அடைத்தார்கள். 1948இல் வந்த எல்.பி. தட்டில் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் போனது. ஜிம்மி ஸ்மித்துக்கு அந்த இருபது நிமிடம் கிடைத்தது. ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளர் அந்த ஒலி கெடாமல் பிடித்துக் கொடுத்தார். அவர் ஆரம்பத்தில் கண் பரிசோதனை செய்யும் தொழிலும் பார்த்துக்கொண்டே, பெற்றோர் வீட்டு முன்னறையில் ஒலிப்பதிவு செய்தவர்! இது இரண்டாவது காரணம். வாசித்தவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் ஒருவர் பொறுமையாக மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அவசரமில்லை, வாசியுங்கள்" என்று சொல்ல வேண்டும்.

நம் கூத்துப் பெட்டிக்கு அப்படிச் சொல்ல யார் இருந்தார்கள்? சொல்ல வேண்டிய இடத்தில் நான் என்ன சொன்னேன்? அதை எழுதாமல் இந்தப் பதிவை முடித்தால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது.

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம், உங்களில் அவன் வகுப்புக்காரர்களுக்குத் தெரிந்துவிடும், நீங்களும் இங்கே எழுத வேண்டாம். பங்குனி, சித்திரை வந்தால் முதல் பாடவேளையிலேயே தூங்கிவிடுவான். அவன் அப்பா கூத்து ஜமாவில் ஆர்மோனியம் வாசிப்பவர். அவருக்குக் கை நடுக்கம் வந்த பிறகு நள்ளிரவுக்கு மேல் பையன்தான் பெட்டியில் உட்காருவான். எனக்கு அது தெரியும். ஒருநாள் ஒலி பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தூங்குகிறான். எழுப்பி நிறுத்தி, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "அந்தப் பெட்டி உனக்குச் சோறு போடாதுடா. உன் அப்பனுக்கே போடலை" என்றேன்.

அதிர்வெண், வீச்சு, மேற்சுரம் என்று கரும்பலகையில் நான் எழுதிக்கொண்டிருந்தவை அத்தனையும் அவன் விரல் நுனியில் இருந்தன. ஒரு நாள் அந்தப் பெட்டியை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தால் அந்தப் பாடத்தை அவனே நடத்தியிருப்பான். எனக்குத் தோன்றவில்லை.

அதோடு விடவில்லை. அவன் அப்பாவையும் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாத்தியார் சொன்னாச் சரிங்க" என்று போய்விட்டார். பையன் அதற்குப் பிறகு பெட்டியைத் தொடவில்லை. படித்தான். நல்ல வேலைக்குப் போனான். பல வருஷம் நான் அதை என் வெற்றிகளில் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்திருந்தான். தலை நரைத்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் பையன். கோழிக்கொட்டாய் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தப் போனேன். "இருக்கட்டுங்க ஐயா" என்றான். பேசாமல் கேட்டான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறேன், வலது கை விரல்கள் டீப்பாய் விளிம்பில் ஓடுகின்றன. "இந்தாளு எடது கையில மத்தளக்காரனுக்கு வழி சொல்லிட்டே இருக்காருங்க ஐயா. வலது கை சும்மா பேச்சுத் துணைக்கு" என்றான். நான் இரண்டு மாதமாகக் கேட்டும் எனக்குப் பிடிபடாதது அது. அன்றைக்குத்தான் இடது கையைத் தனியாகக் கேட்க ஆரம்பித்தேன்.

"அப்பா பெட்டி இருக்குதாப்பா?" என்று கேட்டேன். பரண் மேல் கிடந்ததாம். எலி துருத்தித் தோலைக் கடித்துவிட்டது. வீடு இடித்துக் கட்டும்போது மரத்தை அடுப்புக்கும், ரீடுகளைப் பித்தளை எடைக்கும் போட்டுவிட்டார்களாம். கோபமாகச் சொல்லவில்லை. பத்திரிகையை என் மனைவி கையில் கொடுத்து, "அம்மா, நீங்க கண்டிப்பா வரணும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

படிக்கச் சொன்னது தப்பில்லை. அதை இப்போதும் சொல்வேன். கூத்து ஜமாவில் இருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். கலை வாழ வேண்டும் என்று சொல்லி அவன் பிள்ளைகளைப் பட்டினி போடச் சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் 'படி' என்று சொல்ல 'அதை விடு' என்று ஏன் சொல்ல வேண்டும்? சங்கீதம் படிக்கப் போன வேறு பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லவில்லையே? வயலின் பெட்டியோடு வந்திருந்தால் ஆண்டு விழாவில் வாசிக்கச் சொல்லியிருப்பேன். கூத்துப் பெட்டி என்பதால் சொன்னேன். வானொலிக்காரர்கள் முப்பது வருஷம் செய்ததை ஒரே பாடவேளையில் நான் செய்துவிட்டேன். அதுதான் தப்பு.

இனி வேலைக்கு வருவோம்.

எனக்குத் தெரிந்து, நம் சுற்றுவட்டாரத்தில் கூத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிற பெரியவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். பல ஊர்களில் அந்த இடத்துக்குக் கீபோர்டு வந்துவிட்டது. கீபோர்டு மேல் எனக்குப் பகை இல்லை. ஹாமண்டும் ஒரு காலத்தில் புது மின்சாரப் பெட்டிதான். ஆனால் பட்டனை அழுத்தினால் தாளம் தானாக ஓடுகிறது. மத்தளக்காரருக்கு வழி சொல்ல வேண்டிய இடது கைக்கு வேலை இல்லை.

வருகிற பங்குனித் திருவிழாவுக்குக் கூத்து உண்டு. அந்த இரவு முழுவதையும் பதிவு செய்ய வேண்டும். போனைத் தூக்கிப் பிடித்து இரண்டு நிமிட ரீல்ஸ் எடுப்பது இல்லை. திரை கட்டுவதிலிருந்து விடிந்து மங்களம் பாடுவது வரை. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மைக், பாடுகிறவர்களுக்கு ஒன்று, மத்தளத்துக்கு ஒன்று. எதிரொலி, மெருகு எதுவும் சேர்க்க வேண்டாம். துருத்தி மூச்சு விடும் சத்தமும், கட்டை 'டக்' என்று விழும் சத்தமும் அப்படியே இருக்கட்டும். அதைக் குறையென்று நீக்கிவிட்டு நாளைக்குத் தேட வேண்டாம்.

நம் மாணவர்களில் சேலத்தில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவர் ஒருவர் உண்டு. கல்யாண வீடியோ எடுப்பவர்கள் மூன்று பேர் உண்டு. உங்களைத்தான் கேட்கிறேன். கலைஞர்களிடம் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். பதிவுக்கென்று தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். திருவிழாக் கூலியில் அதைக் கழிக்கக் கூடாது. என் பங்கை நான் போடுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் அரளிப்பூ மாலைக்கு அனுப்புகிற மாதிரி இதற்கும் கொஞ்சம் அனுப்பினால் மாரியாத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள். கூத்து ஆடுவதே அவளுக்குத்தானே.

அந்தப் பையனிடமும் பேசினேன். கூடவே இருந்து எந்த இடத்தில் மைக் வைத்தால் இடது கை கேட்கும் என்று சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறான். "நடுவுல ஒரு பாட்டுக்கு உக்காருவியாப்பா?" என்று கேட்டேன். "வெரலு மறந்திருக்குங்க ஐயா" என்றான். நான் வற்புறுத்தவில்லை. ஒரு தடவை அவனிடம் இந்தப் பெட்டியைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது போதும்.

கடைசியாக, கேட்க விரும்புகிறவர்களுக்கு மூன்று. ஜிம்மி ஸ்மித்தின் 'பேக் அட் தி சிக்கன் ஷாக்', 'தி செர்மன்'. எட்டி டேவிஸ் என்ற சாக்சபோன்காரரோடு ஷெர்லி ஸ்காட் வாசித்த 'குக்புக்', அதிலும் 'இன் தி கிச்சன்' என்ற நீளமான பாட்டு. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அடிச்சுரம் கேட்காது, பாதி ஆள் காணாமல் போய்விடுவார். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சாப்பிட்ட பிறகு, வீடு அடங்கியதும் கேளுங்கள். முதல் தடவை வலது கையைக் கேளுங்கள். இரண்டாவது தடவை இடது கையை.

பதிவு வேலைக்கு வருகிறவர்கள் கீழே 'வருகிறேன்' என்று எழுதுங்கள். வருகைப் பதிவேடு எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்,
பனமரத்துப்பட்டி